பதினோராவது கேள்வி

அக்டோபர் 3, வியாழன்

கேள்வித்தாள் ஒருவழியாக முடிந்தது. மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர்களுக்கு நச்சுப்பாம்புகளைப் பற்றியும் பாம்புக்கடி பற்றியும் எவ்வளவு தெரியும் என்பதுதான் ஆய்வு. இருபது கேள்விகள். சமூக மருத்துவத் துறை மேடம் இரண்டே இடத்தில் சிவப்பு மையால் திருத்திவிட்டு, "நல்லா வந்திருக்கு கோகிலவாணி, ஆரம்பிச்சிடுங்க" என்றார்.

ரஃபீக்கா என் கூட்டாளி. ஆம்பூர்க்காரி. ஹாஸ்டலிலும் ஒரே அறை. கேள்விகள் என் பொறுப்பு, கணக்கும் அட்டவணையும் அவள் பொறுப்பு. இருபது கேள்விகளையும் நானே தயாரித்தேன் என்பதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன். ஆய்வறிக்கை அட்டையில் இருவர் பெயரும்தான் வரும்.

"நீயும் ஒரு தாள எழுதிப் பாரேன் வாணி" என்றாள். கேள்வி போட்டவளே பரீட்சை எழுதுவாளா என்று கேட்டேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

துணி ஊறப் போட்டிருக்கிறேன். மழை வரும் போலிருக்கிறது.

அக்டோபர் 5, சனி

மருந்தியல் வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுத் தாள்களைக் கொடுத்தோம். நூற்று முப்பத்தெட்டுப் பேர். பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்.

ஜெபசிங் கடைசி வரிசையிலிருந்து கை தூக்கினான். சாத்தான்குளம் பக்கத்துக்காரன். உட்கார்ந்தாலும் நிற்பவன் மாதிரி இருப்பான், அவ்வளவு உயரம். போன வருடம் ஒரு பாடத்தில் தவறி மறுபடி எழுதியவன்.

"தெரியலன்னா காலியா விடலாமா, இல்ல குத்துமதிப்பா எதையாவது அடிக்கணுமா?"

"தெரிஞ்சத மட்டும் எழுது."

"அப்ப சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றான். நான்கு நிமிடத்தில் தாளைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். ஆய்வென்றால் இவனுக்கெல்லாம் விளையாட்டு.

அக்டோபர் 8, செவ்வாய்

திருத்தி முடித்தோம். சராசரி இருபதுக்கு ஒன்பது புள்ளி நான்கு. நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. உண்மையைச் சொன்னால், எனக்கு அது ஒரு மாதிரி மகிழ்ச்சியாகவும் இருந்தது. முடிவு மோசமாக இருந்தால்தான் ஆய்வுக்கு மதிப்பு.

கட்டுவிரியன் கடித்தால் வலியே இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம் என்பது பாதிப்பேருக்குத் தெரியவில்லை. குழந்தைக்கு விஷமுறிவு மருந்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்று எழுபது பேருக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். பாம்பு செலுத்தும் விஷம் ஆளின் எடையைப் பார்த்தா வருகிறது? பெரியவருக்கு எவ்வளவோ அவ்வளவே குழந்தைக்கும். படங்களில், விஷமில்லாத வரையன் பாம்பைப் பார்த்துக் கட்டுவிரியன் என்றவர்கள் அறுபத்திரண்டு பேர்.

முதல் கேள்வி மட்டும் எல்லாருக்கும் லட்டு மாதிரி. கடிபட்டவருக்கு முதலில் செய்ய வேண்டியது என்ன? ஆறுதல் சொல்லுதல். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் சரி. பதினோராவது கேள்வி, கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டலாமா என்பது. ஐம்பத்தோரு பேர் கட்டலாம் என்கிறார்கள். மருத்துவம் படிக்கும் ஐம்பத்தோரு பேர். மெஸ்ஸில் உட்கார்ந்து இதைப் பற்றி ரஃபீக்காவிடம் அரை மணி நேரம் பொரிந்தேன். ரசம் ஆறிப்போனது.

மிகக் குறைந்த மதிப்பெண் ஏழு. பச்சை மை. வகுப்பில் பச்சை மையில் எழுதுகிறவன் ஒருவன்தான். பெயர் தெரியக் கூடாது என்பது விதி, மை தெரிந்துவிட்டால் என்ன செய்வது. அந்தத் தாளைத் திருத்தியது ரஃபீக்கா. நான் மொத்தத்தை மட்டும் பார்த்தேன். இருவரும் சிரித்தோம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜைக்கு ராசிபுரம் வந்தேன். அம்மா என் ஸ்டெதஸ்கோப்புக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். காதில் வைக்கும் இடத்தைத் துடைக்க வேண்டும்.

அக்டோபர் 14, திங்கள்

பொம்மனூர் கிராம சுகாதார நிலையத்தில் இரண்டு வாரப் பயிற்சி. தினமும் கல்லூரி வேனில் ஐம்பது நிமிடம். மூன்று மூன்று பேராக வீடு வீடாகப் போய்க் குடிநீர், கழிப்பறை, தடுப்பூசி விவரம் கேட்க வேண்டும். நான், ரஃபீக்கா, ஜெபசிங் ஒரு குழு. எண் வரிசையில் அப்படி அமைந்துவிட்டது.

ஒரு வீட்டில் ஜெபசிங் கழிப்பறைக் கேள்வியைக் கேட்காமல் வீட்டுக்காரரோடு ஆட்டுக்கு வரும் கோமாரியைப் பற்றி இருபது நிமிடம் பேசினான். நான் வாசலில் நின்று பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

நிலக்கடலை அறுவடைக்கு நிற்கிறது. பச்சை வாசம். வேனில் வரும்போது தூங்கிவிட்டேன்.

அக்டோபர் 18, வெள்ளி

இன்றுதான் எழுத முடிகிறது. வலது கையில் சலைன் ஊசி இருந்தது. இப்போது இடது கைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

நேற்று முன்தினம் என்னைப் பாம்பு கடித்தது.

மாலை நான்கு மணி இருக்கும். கடைசி வீட்டை முடித்துவிட்டு, சுகாதார நிலையத்துக்குக் கடலைக் காட்டு வரப்பு வழியாகக் குறுக்கே வந்தோம். நான் முன்னால். காலில் செருப்பு. இந்தப் பயிற்சிக்கு ஷூ போட வேண்டும் என்று எங்கள் கேள்வித்தாளின் பதினெட்டாவது கேள்வியே சொல்கிறது. அதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம்.

இடது கணுக்காலில் யாரோ பழுக்கக் காய்ச்சிய கரண்டியை வைத்த மாதிரி இருந்தது. கீழே பார்த்தேன். சுருண்டு, உடம்பை உப்பிக்கொண்டு, குக்கரில் ஆவி சீறுவதுபோல் ஒரு சத்தம். முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி. கண்ணாடிவிரியன். அது கடலைச் செடிக்குள் போய்விட்டது. அவசரமே இல்லாமல் போனது.

ரஃபீக்கா வேனைக் கூப்பிட ஓடினாள். அரை கிலோமீட்டர். நான் வரப்பில் உட்கார்ந்தேன். ஜெபசிங் என் துப்பட்டாவை எடுத்து முழங்காலுக்குக் கீழே கட்டினான். பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தான். அந்த நேரம் என்ன பேசினோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இல்லாததால் வேன் நேராகக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனது. வழி முழுக்க அவன் பேசிக்கொண்டே வந்தான். அவர்கள் வீட்டில் பதினோரு ஆடுகள். பதினொன்றுக்கும் பெயர் உண்டு. சொல்லச் சொல்ல என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தான். ஏழாவது ஆட்டின் பெயர் கலெக்டர். ஒரு கையை என் முழங்காலுக்குக் கீழே, முடிச்சின் மேல் வைத்துக்கொண்டே வந்தான். வேன் குலுங்கும்போது கால் ஆடாமல் இருக்க என்று நினைத்தேன்.

அவசரப் பிரிவில் பணியில் இருந்த டாக்டர், "என்ன பாம்புன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டார். "கண்ணாடிவிரியன் சார், மூணு வரிசை சங்கிலி" என்றேன். அந்த நிலையிலும் சரியான விடை சொன்னதில் ஒரு பெருமை வந்தது. கட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "யார் இது கட்டினது?"

"நான்தான் சார்" என்றான் ஜெபசிங்.

"எத்தனாவது வருஷம்?"

"மூணாவது சார்."

  மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு கட்டை மெல்ல மெல்ல அவிழ்த்தார்கள்.

கண்ணாடிக் குழாயில் என் ரத்தம் இரண்டு மில்லி எடுத்து மேசையில் வைத்தார்கள். ஆட்டாமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். உறைந்தால் நல்லது. இந்தப் பரிசோதனை எங்கள் ஒன்பதாவது கேள்வி. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். இருபது நிமிடம் கழித்து டாக்டர் குழாயைச் சாய்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது.

பத்துக் குப்பி மருந்து ஏற்றினார்கள். நடுவில் உடம்பெல்லாம் தடித்துக் குளிர் எடுத்தது. நிறுத்தி, ஊசி போட்டு, மறுபடி ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம் உறைந்தது. சிஸ்டர் குழாயை என் கண்ணெதிரே தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். ஒரு சொட்டுகூட விழவில்லை. இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 19, சனி

சிறுநீர் அளக்கிறார்கள். விரியன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால். நேற்று ஆயிரத்து நானூறு மில்லி. அம்மா ராசிபுரத்துக்குப் போன் போட்டு அப்பாவிடம் இந்த எண்ணை என் பரீட்சை மார்க்கைச் சொல்வதுபோல் சொல்கிறாள்.

பக்கத்துக் கட்டிலில் மாதம்மாள். மரவள்ளிக் காட்டில் களை எடுக்கும்போது அவருக்கும் விரியன். எனக்கு இரண்டு நாள் முன்னால் வந்தவர். நான் டாக்டருக்குப் படிக்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"உன் காலு ஏன் கண்ணு இவ்ளோ வீங்கியிருக்கு? எனக்கு இப்படி இல்லியே" என்றார்.

"கட்டு போட்டுட்டாங்க" என்றேன்.

"அய்யோ. எங்களுக்கே ஆஷா வேலைக்கு வர்ற பொண்ணு கட்டாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கே. எம்புள்ள 108-க்குப் போன் போட்டுட்டு என்னை அசையாம படுக்க வெச்சிட்டான். உங்க கூட இருந்தவருக்குத் தெரியாதா?"

நான் அப்புறம் பேசலாம் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். இட்லி வந்தது. மூன்று சாப்பிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

ரஃபீக்கா வந்தாள். என் துணியெல்லாம் துவைத்து வைத்திருக்கிறாளாம். வகுப்பில் ஜெபசிங்குக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். கட்டுசிங்.

"அவன் என்ன சொன்னான்?"

"என்ன சொல்லுவான், எல்லார்கூடவும் சேர்ந்து சிரிக்கறான்."

மாலையில் அவனே வந்தான். தினமும் வருகிறானாம், நான் தூங்கும்போது வாசலில் நின்றுவிட்டுப் போய்விடுவானாம். இரண்டு ஆரஞ்சு கொண்டுவந்தான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கன்றிப்போய் ஊதா நிறமாக இருந்தன. என்ன என்று கேட்டேன்.

"கிரிக்கெட்டு. பந்து பட்டுட்டு" என்றான்.

அவன் போனபிறகு அம்மா, "பார்க்க நல்ல பையனாத்தான் இருக்கான். ஆனா படிச்ச புள்ள இப்படியா கட்டுவான்? உன் கால் போயிருந்தா?" என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். திரும்பிப் படுத்தால் கால் வலிக்கிறது என்று தெரிந்தும்.

அக்டோபர் 21, திங்கள்

அறுவைச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்து பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே காப்பு போட்ட மாதிரி ஒரு சிவப்பு வளையம், அதில் கொப்புளங்கள். தானே ஆறிவிடுமாம். வெட்டவோ கிழிக்கவோ வேண்டாம்.

"அதிர்ஷ்டம்மா. ஐம்பது நிமிஷம் முழுசா இறுகியிருந்தா கதை வேற. உனக்கு ஒரு பக்கம் கட்டு சரியா இறுகல" என்றார் அந்த டாக்டர்.

சரியாகக் கட்டத் தெரியவில்லை, அதனால் தப்பித்தேன் என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள்.

அக்டோபர் 24, வியாழன்

வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மாதம்மாள் நேற்றே போய்விட்டார். போகும்போது என் தலையைத் தொட்டு, "அடுத்த தடவ ஊருக்கு வந்தா ஷூ போட்டுக்கிட்டு வா கண்ணு" என்றார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பட்டாசுக்கு நான் எழுந்திருக்கவில்லை. அப்பா ஒரு நாற்காலியை வாசலில் போட்டு, என் காலுக்கு இன்னொரு நாற்காலி போட்டார். அதிரசம் நன்றாக வந்திருந்தது. காலில் வீக்கம் வடிந்துவிட்டது. வளையம் உரிந்து, புதுத்தோல் ரோஜா நிறத்தில் வருகிறது.

பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். அது முழு வளையம் இல்லை. வெளிப்பக்கத்தில் ஒரு இடைவெளி. அங்கே தோல் பழையபடியே இருக்கிறது. என் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தேன். விரல்களுக்கு அந்த இடம் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

நேற்று கல்லூரிக்கு வந்துவிட்டேன். எல்லாரும் காலைப் பார்க்க வந்தார்கள். பொதுமருத்துவ வகுப்பில் சார் பாம்புக்கடி பாடம் எடுத்தார். "கட்டு போடாதீங்கன்னு பாமர ஜனங்களுக்குச் சொல்றோம். நம்ம காலேஜ்லயே ஒருத்தர் போட்டிருக்கார்" என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லாமலே நூற்றைம்பது தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. சிரிப்பு. ஜெபசிங் எழுந்து நின்று கும்பிட்டான். இன்னும் சிரிப்பு.

நான் முதல் வரிசையில் இருந்தேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 7, வியாழன்

ரஃபீக்கா குளிக்கப் போயிருந்தபோது பெட்டியிலிருந்து தாள்களை எடுத்தேன். எடுக்கக் கூடாது. எடுத்தேன். பச்சை மைத் தாள் அடியில் இருந்தது.

ஏழு விடைதான் சரி. நான்கு படங்கள். முதல் கேள்வி. பதினெட்டாவது, ஷூ. ஏழாவது சரியான விடை, பதினோராவது கேள்வி. கட்டலாமா? 'கூடாது' என்பதை வட்டமிட்டு, அந்த வட்டத்தின் மேலேயே இன்னும் இரண்டு தடவை வட்டமிட்டிருக்கிறான். தாள் கிழியும் அளவுக்கு.

ஆகவே எழுதித்தான் ஆக வேண்டும். இந்த நாட்குறிப்பை வேறு யாரும் படிக்கப்போவதில்லை. இதிலேயே நான் பொய் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்குப் பேசியது எனக்கு நினைவில்லாமல் இல்லை. ரஃபீக்கா ஓடியதும் நான் துப்பட்டாவை உருவி அவன் கையில் திணித்தேன். கட்டு என்றேன். "வேண்டாம், கூடாது, காலை நீட்டி அப்படியே இரி" என்றான். கட்டுடா என்று கத்தினேன். விஷம் ஏறுகிறது, எனக்குத் தெரிகிறது, ஏறுகிறது என்றேன். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து அழுதேன். அவன் கட்டினான். இன்னும் இறுக்கு என்றேன். அதையும் இரண்டு தடவை சொன்னேன்.

இருபது கேள்வியையும் போட்டவள் நான்.

நவம்பர் 9, சனி

நூலகத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் ஜெபசிங்கைப் பிடித்தேன். யாரோ ஒருவனின் பைக் சங்கிலியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்றேன்.

"என்னத்த?"

"நான்தான் கட்டச் சொன்னேன்னு."

சங்கிலியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கெடையில கெடந்த புள்ளைய போயி நான் காட்டிக் குடுக்கவா? சும்மா ரெண்டு நாள் சிரிப்பானுவ. சிரிச்சுட்டுப் போவட்டும்" என்றான்.

"உனக்குக் கூடாதுன்னு தெரியும்தான?"

"தெரியாம என்ன. எங்க பெரியப்பா மவனுக்குக் கட்டுனாவ. மூணு மணி நேரம். கணுக்காலுக்குக் கீழ இப்பம் அவனுக்கு ஒண்ணும் கெடையாது. ஆடு மேய்க்கதுக்குக் கம்பு ஊணித்தான் போறான்."

"அப்புறம் ஏன் கட்டின?"

 கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான்.

"நீ அழுத. கட்டுனாத்தான் நிறுத்துவேன்னு தெரிஞ்சுபோச்சு. அழுது பயந்து நெஞ்சு படபடன்னு அடிச்சாலும் வெசம் வேகமாத்தான போவும். அதான் கட்டுற மாதிரி கட்டுனேன். நீ என்னடான்னா இறுக்கு இறுக்குன்னு நீயே பிடிச்சு இழுத்துட்ட. அவுக்கப் போனா மறுபடி கத்துவ. அதான் வெரல உள்ள விட்டுக்கிட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஆஸ்பத்திரி வாரவரைக்கும்."

அவன் கையைக் காட்டச் சொன்னேன். நகத்தடியில் இன்னும் கொஞ்சம் ஊதா இருந்தது. நடுவிரல் முழுக்க மடங்கவில்லை. எலும்பு டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன். காட்டவில்லையாம். திங்கட்கிழமை நானே கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். என் ஆய்வில் பங்கேற்றவர் என்ற முறையில் அது என் கடமை.

நவம்பர் 11, திங்கள்

எலும்பில் ஒன்றுமில்லை. தசைநார் வீக்கம். பந்தை அழுத்திப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். மஞ்சள் நிறப் பந்து ஒன்று வாங்கினோம்.

ரஃபீக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலை வாரிக்கொண்டே கேட்டாள். பிறகு, "புதன்கிழமை என்ன செய்யப் போற?" என்றாள். புதன்கிழமை எங்கள் ஆய்வை எல்லார் முன்னாலும் வைக்க வேண்டும்.

"பதினொண்ணாம் கேள்வியில அவன் சரியா எழுதினான்னு சொல்லிடட்டுமா?"

"முடியாது. தாள் ரகசியம். அவன் தாளப் பத்தி நீ வாயத் திறக்கக் கூடாது. உன்னப் பத்திச் சொல்லலாம்."

அவள் சொன்னது சரி. வேறு ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நவம்பர் 13, புதன்

பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். சராசரி, அட்டவணை, படங்கள் எல்லாம் ரஃபீக்கா சொன்னாள். கடைசி இரண்டு நிமிடம் எனக்கு. மேடம், பொதுமருத்துவ சார், கல்லூரி முதல்வர் மூவரும் முன்னால். பின்னால் வகுப்பு முழுவதும்.

கையில் எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. 

"பதினோராவது கேள்விக்குச் சரியான விடை எனக்குத் தெரியும். அதைப் போட்டவளே நான்தான். பாம்பு கடிச்ச அடுத்த நிமிஷம் கட்டச் சொன்னவளும் நான்தான். கூட இருந்தவர் கூடாதுன்னு சொன்னார். நான் கேட்கல. அழுது, கத்தி, கட்ட வெச்சேன். இறுக்கினதும் நான். ஒரு மாசமா அவர் பேர் கெட்டுட்டிருக்கு. நான் பேசாம இருந்தேன். எங்க ஆய்வு, தெரியுமா தெரியாதான்னு மட்டும்தான் கேட்டது. தெரிஞ்சவங்க என்ன செய்வாங்கன்னு அது கேட்கல. இது எங்க ஆய்வோட குறை."

 கடைசி வரிசையைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன். பார்த்தேன். ஜெபசிங் குனிந்து மஞ்சள் பந்தை அழுத்திக்கொண்டிருந்தான்.

பொதுமருத்துவ சார்தான் முதலில் பேசினார். "நான் விசாரிக்காம வகுப்புல சொல்லிட்டேன். தப்பு என்னுது" என்று கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னார். மேடம், "கடைசியா சொன்னத முடிவுரையில அப்படியே எழுதுங்க" என்றார். ரஃபீக்கா சட்டென்று மைக்கை வாங்கி, முதலாமாண்டு மாணவர்களுக்குத் தாள் கொடுக்காமல் செய்துபார்க்க ஒரு பயிற்சி வைக்கலாமா என்று கேட்டாள். சனிக்கிழமைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. இதை அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

விரல்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது ஆய்வுக்குத் தேவையில்லாத தகவல்.

மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். ஒரு மாதமாக இப்படிப் பசித்ததில்லை.

நவம்பர் 14, வியாழன்

மழை. வகுப்பில் யாரும் கட்டுசிங் என்று கூப்பிடவில்லை. எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, ரஃபீக்கா சொல்ல மாட்டேன் என்கிறாள். இருக்கட்டும்.

நவம்பர் 16, சனி

காலை எட்டு மணிக்கே விளையாட்டு மைதானத்தில் முதலாமாண்டுப் பிள்ளைகள் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். மழை விட்டு நல்ல வெயில். மூங்கில் பட்டைகள், துணி, ஒரு தூக்குப்படுக்கை. கடிபட்டவராக நடிக்க ஆள் வேண்டும் என்றதும் ஜெபசிங் வந்து புல்லில் படுத்துக்கொண்டான்.

நடிப்பு என்று நினைத்தேன். அவன் செய்துகாட்டியது அன்றைய என்னைத்தான். "கட்டு, கட்டுன்னு சொல்லுதேன்லா, ஏறுது, எனக்குத் தெரியுது" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான். முதலாமாண்டுப் பையன்கள் மூன்று பேர் தடுமாறிப்போய், மூன்றாவது ஆள் கட்டியே விட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும். சிரிக்க முடிந்தது.

பயிற்சியை வரிசையாகச் செய்தோம். காலை அசைக்காமல் பட்டை வைத்து, துணியை இறுக்காமல் சுற்றுவது. நடக்க விடாமல் தூக்குவது. வாயில் வைத்து உறிஞ்சாமல், கீறாமல், பாம்பைத் தேடிக்கொண்டு போகாமல், நேராக ஆஸ்பத்திரி. கை பழகிவிட்டது அவர்களுக்கு. ஆனால் ஆறுதல் சொல்லும் கட்டம் வந்தால் ஒவ்வொருவரும் ஜெபசிங்கின் முகத்துக்கு நேரே குனிந்து, "பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று பயந்துகொண்டே சொன்னார்கள். அவன் இன்னும் பலமாகக் கத்தினான்.

கடைசியாகத் துளசிமணி என்று ஒரு பெண். அரூரிலிருந்து வந்திருக்கிறாள். ஒல்லியாக, பேச்சே இல்லாமல். அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட்டையை வைத்துச் சுற்றிவிட்டு, கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள்.

"என்னம்மா, ஏதாவது சொல்லு" என்றேன்.

"என்ன சொல்றதுன்னு தெரியலக்கா" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, "அண்ணா, காலையில சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

கத்திக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"இல்ல" என்றான்.

"ஏன்?"

"சீக்கிரம் கெளம்பிட்டேன். மெஸ் தெறக்கல."

"என்ன புடிக்கும் உங்களுக்கு?"

அவன் சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஊரில் அவன் அம்மா சுடும் ஆப்பம், தேங்காய்ப்பால். அவள் கேட்டுக்கொண்டே ஒரு கையால் தூக்குப்படுக்கையை இழுத்துப் போட்டு, மற்றவர்களுக்குக் கண் காட்டினாள். நான்கு பேர் சேர்ந்து தூக்கும்வரை அவன் ஆப்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். கட்டு என்ற சொல்லை மறந்தேபோனான்.

எங்கள் முதல் கேள்விக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் சரியாக எழுதியிருந்தார்கள். ரஃபீக்கா என் காதருகே, "இவளுக்கு எத்தன மார்க் போடறது?" என்றாள். இருபதுக்கு இருபது போடச் சொன்னேன்.

பத்து மணிக்கு முடிந்தது. மூங்கில் பட்டைகளைக் கட்டி அறையில் வைத்தோம். ரஃபீக்காவுக்குத் திடீரென்று துவைக்க வேண்டிய துணி ஞாபகம் வந்துவிட்டது, போய்விட்டாள். ஜெபசிங் முதுகில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிக்கொண்டு நின்றான்.

"நெசமாவே சாப்பிடலயா?" என்றேன்.

"நெசமாத்தான்."

கேண்டீனில் பூரி தீர்ந்துவிட்டது. இட்லி இருந்தது. சாம்பார் சூடாக இருந்தது. நிதானமாகச் சாப்பிட்டோம்.